சுபி போட்ட ரிவர்ஸ்

ஜனவரி 25, வியாழன்

கார் வந்துவிட்டது. தைப்பூசத்தன்றே எடுக்க வேண்டும் என்று அவர் பிடிவாதமாக இருந்தார், எடுத்தும் விட்டார். வெள்ளை நிறம். கிளட்ச் கிடையாது, ஆட்டோமேட்டிக். எங்கள் தெருவில் அப்படி ஒரு வண்டி இதுதான் முதல். இந்த டைரியும் ஷோரூமில் காரோடு கொடுத்ததுதான். கல்லூரியில் படிக்கும்போது டைரி எழுதினேன். அதற்குப் பிறகு இப்போதுதான். வெற்றுத் தாளாகக் கிடக்க வேண்டாமே என்று எழுதுகிறேன்.

ஷோரூம்காரர் கியரைக் காட்டி விளக்கினார். பி என்றால் நிறுத்த, ஆர் என்றால் பின்னால் போக, என் என்றால் நியூட்ரல், டி என்றால் ஓட்ட. இவர் சிரித்துவிட்டார். "லோடு வண்டி ஓட்டி வளந்தவனுக்குப் பாடம் எடுக்கீகளே சார்." உண்மைதான். கல்யாணமான புதிதில் பெயின்ட் டப்பாக்களை வாடகை வேனில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போய் விற்றவர். இன்று கோவில்பட்டி பஜாரில் தங்கமாரியப்பன் பெயின்ட்ஸ் என்றால் தெரியாதவர்கள் இல்லை. வியாபாரிகள் சங்கப் பொருளாளர் வேறு.

செண்பகவல்லி அம்மன் கோயிலில் பூஜை போட்டோம். சக்கரம் எலுமிச்சம்பழத்தை நசுக்கி நகர்ந்தபோது மகள் சுபி கை தட்டினாள். பதினேழு வயதாகிறது, இன்னும் குழந்தைதான். நான் முன் சீட்டில் உட்கார்ந்து தெருவுக்குள் வந்தேன். எதிர்வீட்டு மாலதி வாசல் தெளித்துக்கொண்டிருந்தவள் வாளியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். பார்க்கட்டும்.

பிப்ரவரி 4, ஞாயிறு

திருச்செந்தூர் போய் வந்தோம். நல்ல தரிசனம். திரும்பும்போது சாப்பாட்டுக்கு நிறுத்தினோம். அவர் நண்பர் ஒருவரைப் பார்த்துவிட்டு வருவதாகச் சொல்லி ஒரு மணி நேரம் கழித்து வந்தார். அதன் பிறகு அவருக்குக் கொஞ்சம் அசதி. வீட்டு கேட்டில் திருப்பும்போது தூணில் உரசி இடப்பக்கக் கதவில் கோடு விழுந்துவிட்டது. கேட் கட்டிய கொத்தனார் அளவு தப்பாகக் கட்டிவிட்டாராம். புதுக் காரில் கோடு. மனசு கேட்கவில்லை.

இரவு சுபி கேட்டாள்: "இனிமே நான் முன்னால உக்காந்துக்கிடட்டுமாம்மா?"

"ஏன், ஏசி காத்தா?"

"ஆமா."

சரி என்றேன். எனக்கும் பின்னால் கால் நீட்டிக்கொள்ள வசதி.

பிப்ரவரி 24, சனி

முதல் இலவச சர்வீஸுக்காக வண்டி திருநெல்வேலி போனது. பரீட்சைக்குப் படிக்கச் சொன்னால் சுபியும் அப்பாவோடு கிளம்பிவிட்டாள். வண்டி சர்வீஸ் ஆகும்வரை அங்கேயே உட்கார்ந்து படித்தாளாம். வரும்போது அல்வா வாங்கி வந்தார்கள். அவருக்கு அசதி இல்லை. நல்ல நாள்.

மார்ச் 15, வெள்ளி

சுபிக்கு இயற்பியல் தேர்வு. எளிது என்கிறாள். இட்லி மாவு புளித்துவிட்டது, தோசையாக ஊற்றினேன்.

ஏப்ரல் 30, செவ்வாய்

இடது கையில் மாவுக்கட்டு. வலது கை தப்பியதால் எழுத முடிகிறது.

ஞாயிறன்று சங்கரன்கோவிலில் மதினி மகள் காயத்ரிக்கு நிச்சயதார்த்தம். மதினி இவருக்கு உடன்பிறந்த அக்கா. தாய்மாமன் என்று இவருக்குத்தான் முதல் மாலை. மாப்பிள்ளை வீட்டார் எழுந்து நின்று கும்பிட்டார்கள். பட்டு வேட்டியில் இவரைப் பார்க்க என் கண்ணே பட்டுவிடும் போலிருந்தது. பந்தி முடிந்தபின் ஆண்கள் மண்டபத்துக்குப் பின்னால் பேசிக்கொண்டிருந்தார்கள். கிளம்பும்போது அவருக்கு அசதிதான்.

கழுகுமலை தாண்டி வரும்போது காரில் கியர் ஏதோ கோளாறாகி, வண்டி பின்னாலேயே போய் ஓடைக்குள் இறங்கி ஒரு முள் உடைமரத்தில் மோதிவிட்டது. பின்பக்கம் முழுவதும் நசுங்கிப் போயிற்று. நான் தாம்பாளங்களை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் இருந்தேன். மணிக்கட்டு முறிந்ததோடு போனது, அம்மன் புண்ணியம். சுபி தெரியாமல் கியரில் கை வைத்துவிட்டாள் என்கிறார் அவர். பிள்ளைதானே.

சுபியின் கன்னம் வீங்கியிருக்கிறது. டேஷ்போர்டில் இடித்திருக்கும். பெல்ட் போட்டுத்தான் உட்கார்ந்திருந்தாள்.

மே 3, வெள்ளி

பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கலந்து மாளவில்லை. ஒற்றைக் கையில் டிகாக்‌ஷன் இறக்குவது பெரும்பாடு. சுபிதான் எல்லாம் செய்கிறாள்.

மதினி போனில் பேசினார்.

"வயசு வந்த பிள்ள, கியரப் பிடிச்சி விளையாடலாமா கோமதி? தாய்மாமனுக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா என் மக கல்யாணம் என்ன ஆயிருக்கும்?"

"தெரியாமப் பண்ணிட்டா மதினி."

"நீ பின்னால சொகமா உக்காந்துகிட்டு அவள முன்னால வச்சிருக்க பாரு. அதச் சொல்லணும்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. சுபி வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஏதாவது சொல்லுவாள் என்று கொஞ்சம் பயந்துகொண்டுதான் இருந்தேன். எதற்குப் பயந்தேன் என்று தெரியவில்லை.

மே 7, செவ்வாய்

நேற்று பிளஸ் டூ ரிசல்ட். பள்ளியிலேயே இரண்டாவது மதிப்பெண் என் மகள்! இயற்பியலில் நூற்றுக்கு நூறு. மாலதி வீட்டுக்கு நானே நேரில் போய் லட்டு கொடுத்தேன். அவள் மகன் கணக்கில் எப்படி என்று கேட்டேன். கேட்டிருக்க வேண்டாம். ஆனால் கேட்டேன்.

இன்று காலை சங்கத்துக்காரர்கள் நான்கைந்து பேர் வந்தார்கள். அவர் எல்லோருக்கும் இனிப்பை நீட்டியபடி, "மார்க் எடுத்து என்ன செய்ய? ஓடுற கார்ல ரிவர்ஸ் போட்ட மேதாவில்லா இவ" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஒருவர், "பாப்பா, நூறுல போகையில பின்னால போகணும்னு எப்படிம்மா தோணிச்சு?" என்றார். சுபியும் சிரித்தாள், தட்டை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

நானும் சிரித்தேன். வந்தவர்கள் முன்னால் வேறென்ன செய்ய.

மே 16, வியாழன்

வண்டியைப் பார்க்க நானும் அவரோடு திருநெல்வேலி போனேன். வாடகைக் கார். அவர் மேனேஜர் அறையில் இன்சூரன்ஸ் பேசிக்கொண்டிருந்தார். நான் வண்டி பக்கத்தில் நின்றேன். அங்கே வேலை பார்க்கும் எபனேசர் என்பவர் வந்து நாற்காலி போட்டார். முப்பது வயது இருக்கும்.

"கியர் கோளாறு எதனால வந்துச்சுங்க?" என்று கேட்டேன். கேட்காமல் இருந்திருக்கலாம்.

"கோளாறே இல்ல மேடம். கியர்பாக்ஸ் நல்லாத்தான் இருக்கு. பின்பக்கத் தகரம்தான் வேல."

"ஓடும்போது ரிவர்ஸ் போட்டா உடையாதா?"

"பழைய வண்டின்னா கரகரன்னு கத்தும், விழாது. அழுத்திப் போட்டாப் பல்லு போயிரும். இதுல கம்ப்யூட்டர் இருக்குல்லா? வேகமாப் போகையில ஆர்ல போட்டா ஒத்துக்கிடாது. பீப் பீப்னு கத்திட்டு நியூட்ரல்ல விட்டுரும். எஞ்சின் உறுமும், ஆனா சக்கரத்துக்கு இழுவை போகாது. வண்டி தானா வேகம் கொறையும்."

"அப்புறம் எப்படிப் பின்னால போச்சு?"

"நிக்கப் போற நேரத்துல ரிவர்ஸ் எடுத்துரும். அப்ப ஆக்ஸிலேட்டர்ல கால் இருந்தா பின்னாலயே பாஞ்சிரும்." எபனேசர் கொஞ்சம் யோசித்தார். "நிக்கப் போற வண்டியில சார் எதுக்கு ஆக்ஸிலேட்டர மிதிச்சிக்கிட்டே இருந்தாகன்னுதான் எனக்குப் புரியல."

எனக்குத் தெரியாது என்று சொன்னேன்.

"உங்க பொண்ணு எப்படி இருக்கு மேடம்? முதல் சர்வீஸுக்கு வந்தப்ப எங்கிட்ட இதத்தான் கேட்டுது. ஓடுற வண்டிய ரிவர்ஸ்ல போட்டா என்ன ஆகும், உள்ள இருக்கவங்களுக்கு அடிபடுமான்னு. எதுக்கும்மான்னு கேட்டேன். ஸ்கூல் புராஜெக்ட்னு சொல்லிச்சு."

அதற்குள் இவர் மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்துவிட்டார். வரும் வழியில் வண்ணார்பேட்டையில் அரை டஜன் சாத்துக்குடி வாங்கினோம்.

மே 17, வெள்ளி

தண்ணீர் வரவில்லை. எழுத ஒன்றும் இல்லை.

மே 18, சனி

மொட்டை மாடியில் கூழ் வத்தல் பிழிந்தோம். நான் ஒரு கையால் அச்சைப் பிடிக்க, சுபி அழுத்தினாள். வெயில் ஏறுமுன் முடித்துவிட வேண்டும் என்று மளமளவென்று வேலை பார்த்தோம். பாதியில் கேட்டுவிட்டேன்.

"ரிவர்ஸ் போட்டா என்ன ஆகும்னு அந்த எபனேசர்ட்ட எதுக்குட்டி கேட்ட?"

அவள் கை நிற்கவில்லை. "சொன்னாரா?"

"ம்."

"கேட் தூண்ல இடிச்சோம்ல, அன்னைக்கே முடிவு பண்ணிட்டேம்மா. என்னைக்காவது ஒருநா வண்டிய நான்தான் நிப்பாட்ட வேண்டியிருக்கும்னு. அதான் முன்னால உக்காந்தேன்."

"அப்பாவுக்கு அசதியா இருக்கையில..."

"அசதின்னு சொல்லாதம்மா." இப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தாள். "ஊருக்குச் சொல்லு, வேண்டாங்கல. எங்கிட்டயும் அதையே சொல்லாத."

அச்சில் மாவை நிரப்பிக்கொண்டே கேட்டேன். "அத்தன பேரும் சிரிக்கையில நீ ஏன் வாயத் திறக்கல?"

"தெருவுல நீ தல நிமிந்து நடப்பல்ல, அது உனக்குப் பிடிக்கும்லா. அதான்."

வத்தல் மாவு கையில் காய்ந்துகொண்டிருந்தது. அதைக் கழுவக்கூடத் தோன்றவில்லை எனக்கு.

அதனால் இதை எழுதுகிறேன். அசதி இல்லை. குடி. என் கணவர் குடிக்கிறார். சுபி எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஆரம்பித்தது. கடைக்கு இரண்டாம் மாடி கட்டிய வருஷம். அடிக்கிற மனிதர் இல்லை. வீட்டில் கத்துகிறவர்கூட இல்லை. குடித்தால் தன்னை யாரும் முந்தக்கூடாது, அவ்வளவுதான்.

அன்று கழுகுமலை தாண்டியதும் ஒரு தனியார் பஸ் எங்களை முந்திப் போனது. "தகர டப்பா, என்னைய முந்துதான்" என்று மிதிக்க ஆரம்பித்தார். பைக்கில் பிள்ளை குட்டிகளோடு போன ஒரு தம்பதியை உரசிக்கொண்டு போனோம். அந்தப் பெண் சேலையை இழுத்துப் பிடித்துக்கொண்டதைப் பார்த்தேன். "அப்பா, மெதுவாப் போங்கப்பா" என்று சுபி சொன்னாள். நான் என்ன சொன்னேன்? "அப்பாவுக்குத் தெரியும், நீ சும்மா இரு" என்றேன். சொன்னது நான்தான்.

தூரத்தில் வயல் வேலை முடிந்து பெண்கள் கூட்டமாக ரோட்டோரம் வந்துகொண்டிருந்தார்கள். தலையில் சட்டி, மண்வெட்டி. பஸ் அவர்களை விட்டு விலகிப் போயிற்று. இவர் விலகவில்லை. கண் பாதி மூடியிருந்தது. சுபி கியரை நியூட்ரலுக்குத் தள்ளினாள். எஞ்சின் அலறியது. அவர் அவள் கையைத் தட்டிவிட்டு மறுபடி டிக்கு இழுத்தார். "கைய எடு நாயே" என்று கன்னத்தில் ஓங்கி ஒன்று விட்டார். அது டேஷ்போர்டு இல்லை.

அடி வாங்கின பிள்ளை அழவில்லை. பித்தானை அழுத்தி, கியரை நியூட்ரலையும் தாண்டி ரிவர்ஸுக்குத் தள்ளினாள். தள்ளிவிட்டு இரண்டு கையாலும் அப்படியே பிடித்துக்கொண்டாள். பீப் பீப் என்று ஒரே சத்தம். அவர் ஒரு கையால் அவள் விரல்களைப் பிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. மிதித்தார், மிதித்தார்; வண்டிக்கு இழுவை இல்லை. ஸ்டியரிங் ஆடி வண்டி மண்ணில் இறங்கியது. அந்தப் பெண்களுக்கு ஒரு பத்தடி முன்னால் வேகம் செத்தது. அவர் கால் மட்டும் எடுபடவில்லை. அப்போதுதான் ரிவர்ஸ் பிடித்து, பின்னால் பாய்ந்து ஓடையில் இறங்கியது.

அந்தப் பெண்கள்தான் கதவைத் திறந்து என்னைத் தூக்கினார்கள். ஒருத்தி தன் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தாள். அவளுக்கு என் வயதுதான் இருக்கும். அவள் சாகாமல் இருப்பது என் மகளால் என்று அவளுக்குத் தெரியாது. சொல்லக்கூட இல்லை நான்.

வத்தல் நன்றாகக் காய்ந்தது.

மே 29, புதன்

நேற்று வண்டி வந்துவிட்டது, புதுசு மாதிரி. அவரிடம் பேசினேன். "கல்யாணத்துக்கு டிரைவர் வச்சிப் போவோம்."

"தாய்மாமன் டிரைவர் வச்சிக்கிட்டுப் போனா ஊர்ல என்ன நெனப்பாக?"

"அன்னைக்குக் குடிச்சிருந்தீக."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்த வார்த்தையைச் சொன்னேன். அவர் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டு எழுந்து போனார். இன்று காலையில் பூ வாங்கி வந்து கொடுத்தார்.

ஜூன் 10, திங்கள்

நேற்று சங்கரன்கோவிலில் காயத்ரி கல்யாணம். கட்டு பிரித்துவிட்டதால் வளையல் போட முடிந்தது. போகும்போது காலையில் நன்றாகத்தான் ஓட்டினார். தாய்மாமன் சீர் வைத்தபோது கூட்டம் அப்படிப் பார்த்தது. எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்லவில்லை.

பந்தி முடிந்ததும் ஆளைக் காணோம். மூன்று மணிக்கு வந்தார். முகம் பார்த்ததும் தெரிந்துவிட்டது. மண்டப வாசலில் கார் பக்கத்தில் நின்று, "ஏறுங்க, கிளம்புவோம்" என்றார். சுபி முன் கதவைத் திறக்கப் போனாள். அவள் அப்படிப் போன விதம் இருக்கிறதே, பரீட்சை ஹாலுக்குள் போகிற மாதிரி, அதைப் பார்த்ததும் அவள் கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"சுபி, ஏறாத" என்றேன். "நாம பஸ்ல போறோம்."

மதினி வழியனுப்ப நின்றிருந்தார். "கார் நிக்கையில எதுக்கு பஸ்ஸு?"

"உங்க தம்பி குடிச்சிருக்காக மதினி."

சுற்றி இருபது பேராவது இருந்தார்கள். மாப்பிள்ளையின் சித்தப்பா கையில் வெற்றிலையோடு நின்றார்.

"ஏ கோமதி, வாய மூடு" என்றார் இவர்.

மூடவில்லை. "நிச்சயதார்த்தத்தன்னைக்கும் குடிச்சிருந்தாக. சுபி விளையாடல மதினி. ரோட்டுல போற பொம்பளைக மேல ஏத்தப் போனாக. அவ கன்னத்துல அடி வாங்கிக்கிட்டுத்தான் அந்தக் கியரப் பிடிச்சா. அவ பிடிக்கலேன்னா உங்க மக கல்யாணத்துக்கு நாங்க போட்டோவாத்தான் வந்திருப்போம்."

மதினி சுபியைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார். இவர் சாவியைப் பையில் தேடி எடுத்தபோது அது கை நழுவிக் கீழே விழுந்தது. நான் குனிந்து எடுத்து மதினி கையில் கொடுத்தேன். "வண்டி இங்கயே நிக்கட்டும். நாளைக்கு டிரைவர அனுப்புதேன்." மதினி சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

பட்டுச் சேலையும் நகையுமாகப் பஸ் ஸ்டாண்டு வரை நடந்தோம் நானும் என் மகளும். வழியெல்லாம் சுபி என் கையை விடவே இல்லை. "நான் பாத்துக்கிட்டிருப்பேம்மா, ஏன் சொன்ன?" என்றாள். "பாத்தது போதும்" என்றேன்.

பஸ் கிளம்பும் நேரத்தில் முன் படியில் அவர் ஏறினார். பட்டு வேட்டி, அங்கவஸ்திரம். எங்கள் பக்கம் பார்க்கவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். எனக்குப் பக்கத்தில் பூக்கூடையோடு ஓர் அம்மா. சுபி எனக்கு முன் சீட்டில், ஜன்னலோரம்.

கழுகுமலையில் ஆள் இறங்கியதும் சுபி பக்கத்து இடம் காலியானது. கொஞ்ச நேரம் நின்றுகொண்டே இருந்தார். அப்புறம் வந்து உட்கார்ந்தார். அந்த ஓடை வந்தது. உடைமரத்தின் ஒரு கிளை இன்னும் முறிந்து தொங்கிக்கொண்டுதான் இருந்தது. அவர் குனிந்து ஜன்னல் வழியாக அது போகிறவரை பார்த்தார்.

"எவ்வளவு வேகத்துல போனேன்?" அவள் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"நூத்திப் பதினெட்டுப்பா."

அவள் மடியில் இருந்த கையைப் பார்த்தார். பிறகு மெதுவாக, "கை வலிச்சிருக்குமே. நான் விரலப் பிரிச்சேன்லா" என்றார்.

"வலிச்சிச்சுப்பா."

"ஆனா விடல நீ."

"விடல."

அவர் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்று எழுதலாம். இல்லை, அழுதார். நாளைக்கே எல்லாம் சரியாகிவிடும் என்று நினைக்கிற ஆள் இல்லை நான். ஆனால் பார்த்ததை எழுத வேண்டும் அல்லவா.

பூக்கூடைக்கார அம்மா முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். என் பக்கம் சாய்ந்து, "யாரும்மா அந்தப் பிள்ள? உங்க மகளா?" என்று மெதுவாகக் கேட்டாள்.

"ஆமா, என் மக" என்றேன். மெதுவாகச் சொல்ல வரவில்லை. பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்தார்கள்.